அடுத்தது வரட்டும் என்று இருந்தேன்



போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். 1998-ல் பிளஸ் டூ முடித்தவர். பெயர் வேண்டாம், இதைப் படித்துவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். மகள் கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறாள். வீட்டில் வலுவான கம்ப்யூட்டர் ஒன்று வேண்டுமாம்.

"சார், இப்பவே வாங்கிடலாமா? இல்ல, இந்த வருஷக் கடைசியில இன்டெல்ல புதுசு வருதாம், ஏஎம்டியிலயும் அடுத்தது வருதாம். அதுவரைக்கும் வெயிட் பண்ணலாமா? நீங்கதான் இதையெல்லாம் கணக்குப் போட்டு வாங்கினவராச்சே" என்றார்.

கணக்குப் போட்டு வாங்கியவர்! அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. அவருக்குத் தெரிந்த மட்டும் பதில் சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆனால் 2024-ல் நான் ஆறு மாதம் காத்திருந்த கதையை அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் கொடுத்த பதில் பாதிப் பதில்தான். மீதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். கணக்கு வாத்தியார் எழுதுவதால் நடுவில் கணக்கும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளிக்கு 2000-ம் ஆண்டில் பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் ஒரு வீடியோ கேமரா வாங்கியது பலருக்கு நினைவிருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட் போடுவது. மினி டிவி என்று பெயர். டிவி என்றால் இங்கே தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ. அந்தக் கேமரா என் பொறுப்பில்தான் இருந்தது. 2000-லிருந்து 2011 வரை ஆண்டு விழா, விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி எல்லாம் சேர்த்து 43 கேசட். நான் ஓய்வு பெற்றபோது, "இதை வச்சுக்கிட்டு நாங்க என்ன சார் பண்றது, நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று கேமராவையும் கேசட்டுகளையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். வீட்டு பீரோவின் மேல் தட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் அவை கிடந்தன.

அந்த 43 கேசட்டில் பாதிக்கு மேல் நம் தமிழய்யாவின் நாடகங்கள். வருஷம் தவறாமல் ஒரு நாடகம் அவரே எழுதி, அவரே பாட்டுச் சொல்லிக் கொடுத்து, கூத்துக்காரர்களிடம் கெஞ்சிக் கிரீடமும் புஜகீர்த்தியும் வாங்கிவந்து போடுவார். நடித்த நீங்களே அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, பழுது நீக்கி, எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்பது என் பல நாள் ஆசை.

2024 ஜூன் மாதம் அந்த ஆசைக்கு அவசரம் வந்தது. தமிழய்யாவைப் பார்க்கப் போயிருந்தேன். வயது 81. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டே வரும் நோய் என்று சென்னையில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கண் ஏறக்குறைய போய்விட்டது, இன்னொன்றுக்கு ஊசி போடுகிறார்கள். "பேப்பர் படிக்க முடியல வாத்தியாரே. ஆனா டிவி பெருசா இருந்தா முகம் தெரியுது. அந்த நாடகமெல்லாம் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு அய்யா. நல்லா சுத்தம் பண்ணி, பெரிய திரையில போட்டுக் காட்டறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கேமராவை எடுத்துப் பார்த்தேன். ஓடியது. முதல் கேசட்டைப் போட்டு, மஞ்சள் வெள்ளை வயரை டிவியில் செருகினால் படம் வந்தது. கொஞ்சம் மங்கல், கொஞ்சம் கோடு. அன்றே அந்தக் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு அய்யா வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சுத்தம் செய்யாத படத்தைக் காட்ட மனம் வரவில்லை. செய்தால் திருந்தச் செய்ய வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் ஆயிற்றே!

வேலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நம் மாணவரிடம் விலைப்பட்டியல் கேட்டேன். வீடியோவைப் பழுது நீக்கி மறுபடி சுருக்கிச் சேமிக்கிற வேலைக்குப் பிராசசரில் எவ்வளவு கோர் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பிராசசர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. கோர் என்பது ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் ஆட்கள் மாதிரி. அவர் ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ் போடச் சொன்னார். 16 கோர். 2022 செப்டம்பரில் 699 டாலர் விலையில் வெளிவந்தது, இரண்டு வருஷத்தில் விலை நன்றாக இறங்கியிருந்தது.

பணத்தை அனுப்புவதற்கு முதல் நாள் சென்னையிலிருந்து என் அக்கா மகன் பேசினான். "மாமா, அவசரப்படாதீங்க. இப்பதான் தைபேயில கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில ரைசன் 9000 அறிவிச்சிருக்காங்க. அடுத்த மாசம் கடைக்கு வந்துடும். இப்ப போய் பழசை வாங்குவீங்களா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. ஜூன் 3-ம் தேதி அறிவித்திருந்தார்கள். அதே வேகத்தில் ஓடும்போது முந்தைய தலைமுறையைவிடச் சராசரியாக 16 சதவீதம் கூடுதல் வேலை செய்யும் என்று அந்த நிறுவனமே சொல்லியிருந்தது. ஒரு மாதம்தானே என்று நிறுத்திவைத்தேன்.

ஜூலை 31 என்று தேதி சொன்னார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால், முதலில் அனுப்பிய சரக்கு எதிர்பார்த்த தரத்தில் இல்லை என்று சொல்லித் தள்ளிவைத்தார்கள். ஆகஸ்ட் 8-ல் சின்னது இரண்டு, ஆகஸ்ட் 15-ல் பெரியது இரண்டு வந்தன. நான் காத்திருந்த 9950எக்ஸ் 649 டாலர். அதுவும் 16 கோர்தான். வந்ததும் சோதித்துப் பார்த்தவர்கள், சில வேலைகளில் நல்ல முன்னேற்றம், பல வேலைகளில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று எழுதினார்கள். சரி, வந்ததும் வாங்க வேண்டாம், விலை இறங்கட்டும் என்று இருந்தேன்.

செப்டம்பரில் மருமகன் பேசினார். "மாமா, அக்டோபர்ல இன்டெல் புதுசு கொண்டுவராங்க. இவ்வளவு பொறுத்தீங்க, அதையும் பார்த்துடுங்க." அக்டோபர் 24-ல் கோர் அல்ட்ரா 9 285கே வந்தது. 24 கோர், 589 டாலர். மின்சாரம் குறைவாகக் குடிக்கிறது என்று பாராட்டினார்கள். விளையாட்டுகளில் பழையதைவிடப் பின்தங்குகிறது என்று குறையும் சொன்னார்கள். எனக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அந்த விமர்சனங்களையெல்லாம் ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்து படித்தேன். வீட்டம்மா ஒரு நாள், "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறப்போகூட நீங்க இவ்ளோ விசாரிக்கல" என்றார்.

நவம்பரில் அக்கா மகன் மறுபடி. எக்ஸ்3டி என்று கூடுதல் நினைவகத்தை அடுக்கிவைத்த 8 கோர் ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. அதே முறையில் 16 கோரில் ஒன்று அடுத்த வருஷம் வரும் என்றான். வந்ததும் உண்மைதான், 2025 மார்ச்சில் 699 டாலருக்கு வந்தது. அவன் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்தது நிஜமாகவே இருந்தது. அதுதான் சிக்கல்.

இந்த இடத்தில் எங்கள் திருவண்ணாமலைக்கும் இந்தக் காத்திருப்புக்கும் உள்ள ஒரு தொடர்பைச் சொல்ல வேண்டும். புதியது வரப்போகிறது என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் இப்போது உள்ளதை வாங்காமல் நிறுத்திவிடுவதற்கு வணிக உலகில் 'ஆஸ்போர்ன் விளைவு' என்று பெயர். ஆடம் ஆஸ்போர்ன் என்பவரின் பெயரால் வந்தது. அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியின் பக்தர், அவரைப் பற்றி நூல்கள் எழுதியவர். அதனால் ஆடம் சிறு வயதில் வளர்ந்தது திருவண்ணாமலையில். பின்னாளில் அமெரிக்கா போய் 1981-ல் ஆஸ்போர்ன் 1 என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். விலை 1,795 டாலர். கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று விற்றார்கள், எடை 11 கிலோ! ஆனாலும் நன்றாக விற்றது. 1983-ல் அடுத்து வரும் மாடலைப் பற்றி முன்கூட்டியே பேச்சு வெளிவர, கடைக்காரர்கள் பழையதை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், பணப்புழக்கம் நின்று போனது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கதை. வேறு காரணங்களும் இருந்தன என்று சொல்வோரும் உண்டு. அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. அவர் கடைசிக் காலத்தில் நம் பக்கமே திரும்பி வந்து 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.

அந்தக் கதையை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். விற்கிறவர் தரப்பிலிருந்து சொன்னேன். வாங்குகிறவர் தரப்பிலும் அதே மாதிரி ஒரு நஷ்டம் உண்டு என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் முதல் வாரம் வேலூர்க் கடைக்கு நேரிலேயே போனேன். மார்ச் வரை பொறுக்கலாமா என்று கேட்கத்தான் போனேன். அந்த மாணவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார். "சார், கேசட் எத்தனை ஏத்திட்டீங்க?"

"இன்னும் ஒண்ணும் ஏத்தலப்பா. மெஷின் வாங்கினாத்தானே?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், கேசட்லேர்ந்து கம்ப்யூட்டருக்கு இறக்கறதுக்கு எதுக்கு சார் பதினாறு கோர்? ஃபயர்வயர் கார்டு ஒண்ணு போட்டா போதும். கேசட்ல ஏற்கெனவே டிஜிட்டலாத்தான் இருக்கு, அப்படியே காப்பி ஆகும். பென்டியம் ஃபோர் காலத்துலயே இதைத்தான் செஞ்சாங்க. என்கிட்ட கேட்டிருந்தா பழைய மெஷின் ஒண்ணு சும்மாவே குடுத்திருப்பேனே. பெரிய மெஷின், சுத்தம் பண்றதுக்குத்தான் சார் வேணும். அதை எப்ப வேணும்னாலும் பண்ணலாம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. 34 வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். பெரிய கணக்கைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரி என்று எத்தனை முறை உங்களைத் திட்டியிருப்பேன்? கேசட்டிலிருந்து இறக்குவது ஒரு படி. சுத்தம் செய்வது இன்னொரு படி. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, இரண்டாவது படிக்கு நல்ல மெஷின் வரட்டும் என்று முதல் படியையும் நிறுத்திவைத்திருந்தேன்.

அன்றைக்கே வாங்கினேன். எது தெரியுமா? ஜூனில் பார்த்த அதே 7950எக்ஸ். ஆறு மாதம் காத்திருந்ததில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் மிச்சம்.

மெஷின் வந்து, ஃபயர்வயர் கார்டு மாட்டி, கேசட்டை ஓடவிட்டேன். ஒரு மணி நேரக் கேசட் இறங்க ஒரு மணி நேரம் ஆகும், அதில் எந்தப் பிராசசரும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. எட்டு கேசட் நன்றாக இறங்கியது. ஒன்பதாவதில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. சுத்தம் செய்யும் கேசட் போட்டுப் பார்த்தேன். பத்தாவதைப் போட்டதும் உள்ளே கரகரவென்று சத்தம். திறந்தால் டேப் உருளையில் சுற்றிக்கொண்டு கசங்கிக் கிடந்தது. ஜூனில் ஒழுங்காக ஓடிய கேமரா. ரப்பர் உருளை இறுகிப் போயிருக்கிறது என்றார் பழுது பார்ப்பவர். உதிரி பாகம் கிடைக்காது, இந்த மாதிரி கேமரா செய்வதையே எப்போதோ விட்டுவிட்டார்கள் என்றார்.

அப்புறம் இந்தப் பக்கத்தில் நான் எழுதிக் கேட்டதும், பெங்களூரில் இருக்கும் நம் மாணவி தன் மாமனார் வீட்டுப் பரணிலிருந்து ஒரு கேமராவைத் தேடி அனுப்பினாள். அந்தப் பிள்ளைக்கு என் நன்றி எப்போதும் உண்டு. அதை வைத்து மீதியை இறக்கினேன். மொத்தம் 43-ல் 31 முழுசாக வந்தது. ஏழு விட்டுவிட்டு வந்தது. ஐந்து கேசட்டில் பூஞ்சை, ஒன்றும் வரவில்லை. அந்த ஐந்தும் ஜூனில் நன்றாக இருந்ததா என்றால் தெரியாது. நான் சோதித்தது முதல் கேசட்டை மட்டும்தான்.

இப்போது கணக்கு. ஒரு கேசட்டைப் பழுது நீக்கிச் சேமிக்க என் மெஷினுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. 43 கேசட்டும் வந்திருந்தால் 86 மணி நேரம். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடவிட்டுத் தூங்கினால் 11 ராத்திரி. புதிய பிராசசர் சொன்னபடி 16 சதவீதம் கூடுதலாக வேலை செய்திருந்தால் 74 மணி நேரம், ஒன்பதேகால் ராத்திரி. ஆக மிச்சம் 12 மணி நேரம். அதுவும் நான் தூங்கும் நேரத்தில். இந்த 12 மணி நேரத்துக்காக நான் காத்திருந்தது 180 நாள், அதாவது 4,300 மணி நேரத்துக்கு மேல்.

இதற்கு ஒரு முறையான கணக்கும் உண்டு. 1999-ல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்து வானியல் துறையினர் சிலர் பாதி வேடிக்கையாக, பாதி நிஜமாக ஒரு கட்டுரை எழுதினார்கள். கம்ப்யூட்டரின் வேகம் 18 மாதத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய கணக்கை இன்றே தொடங்குவதா, கொஞ்சம் பொறுத்து வேகமான மெஷினில் தொடங்குவதா, எது முதலில் முடியும்? 60 மாதம் பிடிக்கும் வேலை என்றால் 18 மாதம் சும்மா இருந்துவிட்டு, இரண்டு மடங்கு வேகத்தில் 30 மாதத்தில் முடிக்கலாம். மொத்தம் 48. காத்திருப்பவர் ஜெயிக்கிறார். 20 மாத வேலை என்றால் ஆறு மாதம் காத்திருந்தாலும் அப்புறம் கிட்டத்தட்ட 16 மாதம் ஆகும். மொத்தம் 22. காத்திருப்பவர் தோற்கிறார். எல்லை எங்கே என்று வகைக்கெழு போட்டுப் பார்த்தால் 18-ஐ இரண்டின் இயல் மடக்கையால் வகுக்க வேண்டும். விடை 26 மாதம். பிளஸ் டூ கணக்குப் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள்.

அதாவது, இன்றைய மெஷினில் இரவு பகலாக 26 மாதத்துக்கு மேல் ஓட வேண்டிய வேலை இருந்தால்தான் காத்திருப்பதில் லாபம். அதுவும் 18 மாதத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் என்றால். இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர், ஒரு சில்லில் உள்ள பாகங்கள் ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று 1965-ல் சொன்னார். 1975-ல் அவரே அதை இரண்டு ஆண்டு என்று மாற்றிக்கொண்டார். 16 சதவீதத்துக்கு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. என் வேலையோ 86 மணி நேரம்!

காத்திருப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1994-ல் அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது பென்டியம் பிராசசர் வகுத்தலில் தப்பு விடுவதைக் கண்டுபிடித்தார். அதைச் சரிசெய்ய இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. 2024-லும் 13, 14-ம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் மின்னழுத்தச் சிக்கல் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டியது. புதிதாக வந்ததும் முதல் ஆளாக ஓடி வாங்காமல் ஒன்றிரண்டு மாதம் பொறுப்பவர் கெட்டுப்போவதில்லை. கையில் இருக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் பொறுக்கலாம். நான் செய்த தப்பு வேறு. பிராசசரின் விலை இறங்குகிறதா, வேகம் ஏறுகிறதா என்று ஒரே ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமராவின் ரப்பருக்கு ஒரு கடிகாரம், டேப்புக்கு ஒரு கடிகாரம், அய்யாவின் கண்ணுக்கு ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

2025 பொங்கலுக்கு மறுநாள், 2004 ஆண்டு விழாவின் கர்ண மோட்சத்தைப் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு அய்யா வீட்டுக்குப் போனேன். கூத்தில் விடிய விடிய நடக்கும் கதையை அவர் 40 நிமிடமாகச் சுருக்கி எழுதியது. படம் நன்றாக வந்திருந்தது. கர்ணனின் கிரீடத்தில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகூடத் தெரிந்தது. அவர் மகன் பெரிய டிவியில் போட்டார்.

அய்யா டிவியைப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால் பார்க்க முயன்றார். தீபாவளிக்கு அப்புறம் இந்தக் கண்ணும் நடுவில் கறுப்பாகிவிட்டது என்று மகன் மெதுவாக என்னிடம் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அய்யா அந்த முயற்சியையும் விட்டுவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லி, காதை டிவி பக்கம் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

குரல் வர வர ஒவ்வொருவராகச் சொன்னார். கர்ணன் யார், கிருஷ்ணன் யார், கட்டியங்காரனாக வந்து மேடையில் வழுக்கி விழுந்தவன் யார், எல்லாம் சொன்னார். எந்த ஊர், அப்பா என்ன தொழில், இப்போது எங்கே இருக்கிறான் என்பது வரை. இருபது வருஷத்துக்கு முந்தைய குரல்கள். மைக் இரைச்சலையும் மீறி ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. நானும் அவர் மகனும் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம்.

கடைசிக் காட்சி. கர்ணன் அடிபட்டுக் கிடக்கிறான். ஒரு சின்னப் பெண் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறாள். கதையில் இல்லாத பாத்திரம், அய்யாவாகச் சேர்த்தது. "தண்ணி வேணுமா அண்ணா?" என்று ஒரே ஒரு வரி. அதைக் கேட்டதும் கூட்டம் அப்படியே அமைதியாகிறது, டேப்பிலேயே அது தெரிகிறது.

"இது யாரு?" என்று அய்யா கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மூன்று முறை போட்டோம். ஒரு வரிதான், அதுவும் மெல்லிய குரல். அவருக்குப் பிடிபடவில்லை.

"முகம் எப்படி இருக்கு, சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருக்கிறாள். இரட்டைச் சடை, ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்திருக்கிறது. நெற்றியில் பெரிய சாந்துப் பொட்டு. புதிதாகக் காது குத்தி வேப்பங்குச்சி போட்டிருக்கிறது. செம்பை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். ஒரு முகத்தை வார்த்தையில் எவ்வளவு சொல்ல முடியும்?

அய்யா கொஞ்ச நேரம் யோசித்தார். "பாத்தா சொல்லிடுவேன் வாத்தியாரே. ஜூன்ல வந்தீங்களே, அப்ப பாத்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. சும்மா, கிழமை சொல்வதுபோலச் சொன்னார். அப்புறம் எனக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.

இனி அந்த மாணவருக்கு மீதிப் பதில். தம்பி, புதிய பிராசசர்கள் வரத்தான் போகின்றன. இன்டெல் அடுத்ததை 2026 கடைசியில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறது. ஏஎம்டியும் அடுத்த தலைமுறையை அறிவித்திருக்கிறது. நல்லதாகவே இருக்கும். ஆனால் நீங்கள் பிராசசரை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கும்போது 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. நான் அன்று வாங்கிய 64 ஜிபி ரேம் இன்று அந்த விலைக்குக் கிடைக்காது. ஒன்று இறங்கும் என்று காத்திருக்கையில் இன்னொன்று ஏறும்.

அதனால் வேலையைப் பிரியுங்கள். மகளுக்கு இந்த செமஸ்டரில் எது ஓட வேண்டும், அதற்கு எது போதும் என்று அவளையே கேளுங்கள். ஏஎம்டியின் ஏஎம்5 வகை மதர்போர்டு வாங்கினால், 2027-க்கும் அதற்குப் பிறகும் அதை ஆதரிப்பதாக அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. இப்போதைக்கு நடுத்தரமான பிராசசர் ஒன்றைப் போட்டு வேலையைத் தொடங்கட்டும். அவள் வேலை வளர்ந்தால் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். காத்திருக்க முடிந்ததைக் காக்கவையுங்கள். அந்தப் பிள்ளையின் படிப்பைக் காக்கவைக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் கல்யாணக் கேசட், அப்பா அம்மா குரல் பதிவான டேப் ஏதாவது இருந்தால் இந்த மாதமே இறக்கிவிடுங்கள். எந்தப் பழைய மெஷினாக இருந்தாலும் சரி. அழகுபடுத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. அந்தச் செம்புக்காரப் பிள்ளையின் படத்தை இத்துடன் போட்டிருக்கிறேன். 2004 ஆண்டு விழா. அநேகமாக அந்த வருஷம் ஆறாம் வகுப்பு. இப்போது 32, 33 வயது இருக்கும். யாருக்காவது அடையாளம் தெரிந்தால் சொல்லுங்கள். அது நீயாகவே இருந்தால், அம்மா, எனக்கு ஒரு போன் செய். உன்னை அய்யா வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். போய் அந்த ஒரு வரியைச் சொல். மீதியை அவர் கண்டுபிடித்துவிடுவார்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்